உப்பு மொள்ளும் அழகிகள்

கடலோரத்தில் வீடு கட்டி அதை வார இறுதிக்கு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு, சுவரில் என்ன படம் மாட்டுவது என்பதில் இப்போது பெரிய குழப்பம் இல்லை. ஹொக்குசாயின் அலைதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி வரை விடுமுறை வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் பார்த்துப் பார்த்து, அந்த நீல அலை நம்மூர் அலையாகவே ஆகிவிட்டது. தலையணை உறையிலும் குளியலறைத் திரையிலும்கூட வந்துவிட்டது. 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புது 1,000 யென் நோட்டிலும் அதே அலை. அதற்குத் துணையாக இன்னொரு சுவரில் கிமோனோ அணிந்த ஒரு பெண் இருப்பாள். அவள் யார், என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "ஜாப்பனீஸ் ஆர்ட்."

நான் எழுத வந்தது முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு வாடகை வீட்டின் கூடத்தில் நான் பார்த்த பெண், தோளில் ஒரு கழியும் கழியின் இரு முனையிலும் மரவாளிகளும் சுமந்திருந்தாள். பட்டு உடைக்கு மேல் இடுப்பில் வைக்கோல் பாவாடை. பின்னால் பைன் மரம், அலையின் ஓரம், மேலே நிலா. இந்த வகைப் படத்துக்கு ஜப்பானிய மொழியில் 'ஷியோகுமி' என்று பெயர். உப்புநீர் மொள்ளுதல் என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் ஹரனோபு தொடங்கிப் பல ஓவியர்கள் இதைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஜன்னலுக்கு வெளியே உப்புச் சுமக்கும் பெண்கள், உள்ளே சுவரில் உப்புநீர் சுமக்கும் பெண். தற்செயலாக அமைந்துவிட்ட ஜோடி.

கதை இதுதான். யுகிஹிரா என்ற அரசவைக் கவிஞன் தண்டனையாக சுமா என்ற கடற்கரைக்கு அனுப்பப்படுகிறான். அங்கே உப்புநீர் மொள்ளும் மட்சுகாசே, முராசாமே என்ற அக்கா தங்கை இருவரையும் காதலிக்கிறான். மூன்று ஆண்டு கழித்துத் தலைநகருக்குத் திரும்பும்போது தன் தொப்பியையும் அங்கியையும் விட்டுவிட்டுப் போகிறான். பிறகு அவன் இறந்த செய்தி வருகிறது. இருவரும் ஏங்கியே சாகிறார்கள்; செத்த பின்னும் ஆவியாக நின்று உப்புநீர் மொள்கிறார்கள். இது நோ நாடகமாக கன்னாமியிடமிருந்து ஸெயாமிக்கு வந்தது, 1811இல் கபுகி நடனமானது. நோவிலும் கபுகியிலும் மரபுப்படி பெண் வேடமிட்டவர்கள் ஆண்கள். பெண்ணின் உழைப்பு, பெண்ணின் ஏக்கம், பெண்ணின் சாவு எல்லாம் ஆண் எழுதி, ஆண் ஆடி, ஆண் வரைந்து, ஆண் செதுக்கி, ஆண் பதிப்பித்தது. இந்தக் கதையில் எல்லோரும் வியக்கும் இடம், இரண்டு வாளியிலும் நிலா தெரிவது. வாளிக்கு ஒன்றாக இரண்டு நிலா.

நிலாவுக்கு எடை கிடையாது, கடல்நீருக்கு உண்டு. ஒரு வாளியில் பதினைந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டும் சேர்ந்து முப்பது கிலோவுக்கு மேல். அதைக் கரையிலிருந்து மணல்மேட்டுக்கு ஏற்றி, மணலில் ஊற்றிக் காயவைத்து, அந்த மணலை மறுபடி கழுவி எடுத்த செறிந்த நீரை விறகடுப்பில் மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பழைய ஜப்பானிய உப்பு அப்படித்தான் விளைந்தது. நான் பார்த்த படத்தில் அடுப்பும் இல்லை, புகையும் இல்லை. தோள் ஒரு பக்கமும் சாயவில்லை. கழுத்து மட்டும் அழகாகச் சாய்ந்திருக்கிறது.

அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தேன். உப்பளத்தில் வேலை முடித்து நிழலில் உட்கார்ந்திருந்த ஓர் அக்காவிடம் காட்டினேன். வயது அறுபதை ஒட்டி இருக்கும். நீண்ட நேரம் பார்த்தார். "இவ்ளோ துணியக் கட்டிக்கினு தண்ணியில எப்டிம்மா எறங்கும் இது?" என்றார். பிறகு விரலால் தோளைத் தொட்டுக் காட்டி, "கழிக்குக் கீழ துணிகூட மடிச்சி வைக்கல பாரு, தோலு உரிஞ்சிப்பூடும்" என்றார். ஷியோகுமி படங்களைப் பற்றி நான் படித்த கலை விமரிசனங்களில் யாரும் அந்தத் தோளைப் பார்க்கவில்லை. தலைச்சுமைக்குச் சும்மாடு கட்டிப் பழகியவரின் கண்ணுக்கு அது முதலில் தெரிந்தது.

மரக்காணத்தில் உப்பு காய்ச்சுவதில்லை. இங்கே வெயில்தான் அடுப்பு. கழியின் உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிச் செறிவேற்றி, கடைசிப் பாத்தியில் உப்புப் பூத்ததும் வாரிக் கரையேற்றுவார்கள். அங்கிருந்து தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். வெயிலேறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியுமுன்பே ஆரம்பம். உப்புநீரில் நின்று நின்று பாதம் வெடிக்கும், வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் கண் எரியும். ஒதுங்க மறைவிடம் இல்லாத வெட்டவெளி என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் தாகத்தோடு வேலை செய்கிற உடல்கள் அவை. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வேலையே கிடையாது.

இந்தக் காட்சி இப்போது வேறொரு கூட்டத்தையும் இழுக்கிறது. விடியற்காலையில் காமிராவோடு வருகிறவர்கள். வெள்ளை அம்பாரம், சிவப்புச் சேலை, நீரில் தலைகீழாக விழும் நிழல். வரிசையாகப் போகும் பெண்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்வார்கள், மறுபடி நடக்கச் சொல்வார்கள். தலையில் சுமையோடு நிற்பது நடப்பதைவிடக் கடினம் என்பது சொல்கிறவருக்குத் தெரியாது. சுமாவின் நிலா வேலையை இங்கே விடியல் வெளிச்சம் செய்கிறது. ஆகவே அந்த ஜப்பானியப் படத்தை அந்நிய ரசனை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பார்வை ஒன்றுதான்.

நம் மரபிலும் அதே பார்வை உண்டு. அகநானூற்றின் 140ஆம் பாட்டில் அம்மூவனார் ஓர் உமணர் மகளைக் காட்டுகிறார். உப்பின் மாற்று விலையைக் கூவிக்கொண்டு தெருவில் வருகிறாள். பழக்கமில்லாத குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். அந்த மிரண்ட கண்ணில்தான் தலைவன் மனம் விழுகிறது. நாய்க்குப் பயந்த பெண்ணின் கண் ஆணுக்கு அழகாகிவிட்டதை ஈராயிரம் ஆண்டாக நாம் காதலாகவே படிக்கிறோம். ஆனால் அம்மூவனாருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவருடைய பெண்ணுக்கு வாயுண்டு. உப்புக்கு இன்ன விலை என்று அவள் சொல்கிறாள். மட்சுகாசே பாடுவாள், அழுவாள், ஆவியாவாள். தான் காய்ச்சிய உப்பு என்ன விலைக்குப் போயிற்று என்று ஒருபோதும் சொல்ல மாட்டாள். தமிழில் இந்தப் பார்வையை உடைத்தவர் ராஜம் கிருஷ்ணன். 1979இல் வந்த 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதப்பட்டது. அதில் பொன்னாச்சியின் உடல் கரிக்கிறது, எரிகிறது, மேற்பார்வைக்காரனின் கைக்கு அஞ்சுகிறது. எந்த வாளியிலும் நிலா இல்லை. கடலோர விடுமுறை வீட்டு அலமாரிகளில் நான் இதுவரை அந்த நாவலைக் கண்டதில்லை.

சிலர் இதை வேறு பக்கமாகத் திருப்புவார்கள். சுவரில் தொங்குவது நகல்தானே, அசல் இருந்தால் மதிப்பு வேறு என்பார்கள். இந்தப் பேச்சு எனக்கு எரிச்சலூட்டும். மரச்செதுக்கு அச்சில் ஓவியன் வரைந்த தாளே மிஞ்சுவதில்லை. அதைக் கட்டையில் குப்புற ஒட்டி அதன் மேலேயே செதுக்கிவிடுவார்கள். மிஞ்சுவதெல்லாம் அச்சுப்படிகள்தான். நூற்றுக்கணக்கில், நன்றாக விற்றால் ஆயிரக்கணக்கில் போடுவார்கள். ஒரு தாளின் விலை ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலையை ஒட்டி. சாதாரண வீடுகளில் கையில் வைத்துப் பார்ப்பார்கள், தடுப்புத் திரையில் ஒட்டுவார்கள். தூணில் தொங்கவிடுவதற்கென்றே ஒடுக்கமான நீளப் படங்களும் உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜுவின் லட்சுமியைக் காலண்டரில் வாங்கிக் கூடத்தில் மாட்டிய நமக்கு இது புரியாத விஷயமில்லை. அலைப் படத்தின் ஒரு பழைய படி 2023இல் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 27 லட்சம் டாலருக்கு மேல் போனது என்பதால் அது பிறக்கும்போதே அரும்பொருளாக இருந்தது என்று ஆகிவிடாது.

எனக்கு உறுத்துவது வேறு. தாளில் ஓவியன் பெயர் இருக்கிறது, பதிப்பாளரின் முத்திரை இருக்கிறது. செர்ரிக் கட்டையில் ஒரு மயிரிழையைக்கூடத் தப்பவிடாமல் செதுக்கியவரின் பெயரும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை வைத்துத் தேய்த்து அச்செடுத்தவரின் பெயரும் பெரும்பாலான தாள்களில் இல்லை. உப்புப் பொட்டலத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும், அயோடின் அளவு இருக்கும். சுமந்தவர் இருக்க மாட்டார் என்பது மாதிரிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து அழகிகளின் படங்களில் நெடுங்கோடு போட்ட கிமோனோக்களை அடிக்கடி பார்க்கலாம். அந்தக் கோட்டுத் துணியில் ஒரு வகைக்கு ஜப்பானில் 'சந்தோமே-ஜிமா' என்று பெயர். சந்தோமே என்பது நம் மயிலாப்பூர் சாந்தோம். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை டச்சுக்காரர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோய் நாகசாகியில் இறக்கினார்கள். பிறகு ஜப்பானிய நெசவாளர்களே அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள். டச்சுப் பண்டகசாலைகள் பழவேற்காட்டிலும், மரக்காணத்துக்கு வடக்கே சதுரங்கப்பட்டினத்திலும், தெற்கே கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்திலும் இருந்தன. அந்தத் துணிக்கு நூல் நூற்றவர்கள் இந்தக் கரையின் பெண்கள். ஜப்பான் எங்கோ இருக்கிறது என்று நினைத்து மாட்டிய படத்தில் நம் பாட்டிகளின் ராட்டினமும் கொஞ்சம் இருக்கலாம். இதை வீட்டு அலங்கார இதழ்கள் எழுதினால் நன்றாக இருக்கும். அவை 'நீலத்துக்கு வெள்ளைச் சோபா பொருந்தும்' என்பதோடு நின்றுவிடுகின்றன.

தேவனாம்பட்டினம் என்று எழுதியதும் அலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1830களின் தொடக்கத்தில் வெளிவந்த 'கனகாவாவின் பெரிய அலை'யைப் பலர் சுனாமி என்றே நினைக்கிறார்கள். அது சுனாமி அல்ல, நடுக்கடல் அலை. அதன் கீழே மூன்று படகுகள் உண்டு. மீனைக் கெடாமல் எதோ நகரத்துச் சந்தைக்கு விரைந்து கொண்டுபோகும் வகைப் படகுகள் அவை. ஆபத்தில் இருப்பவர்கள் துடுப்புக்காரர்கள், எல்லோரும் ஆண்கள். கரை படத்திலேயே இல்லை. 2004 டிசம்பர் 26 இந்தக் கடற்கரைக்குக் காட்டியது இதற்கு நேர்மாறு. ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு அடியில் அந்த அலை பெரிதாகத் தெரியாமல் கடந்தது. கரையில் மீனுக்காகக் காத்திருந்தவர்களையும் வீட்டில் குழந்தைகளோடு இருந்தவர்களையும் வாரிக்கொண்டு போனது. ஆக்ஸ்ஃபாம் 2005 மார்ச்சில் வெளியிட்ட கணக்கின்படி கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. தேவனாம்பட்டினத்தில் மட்டும் 42 பெண்கள், 21 ஆண்கள். சேலையும் நீண்ட கூந்தலும் ஓடவிடவில்லை. நீச்சல் யாரும் சொல்லித் தந்ததில்லை. கையில் பிள்ளை வேறு. சோழமண்டலக் கரையில் வீடு கட்டிக்கொண்டு அந்த அலையை வரவேற்பறையில் மாட்டுகிறவரை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் பக்கத்துக் குப்பத்திலிருந்து அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்க வரும் பெண்ணுக்கு அது என்ன படம் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. சட்டத்தின் தூசியைத் துடைப்பவளும் அவள்தான்.

சரி, அழகிகள் படம் வேண்டுமென்றால் உதாமாரோ இருக்கிறாரே என்பார்கள். உதாமாரோவின் கோடு அபாரமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் 1794 வாக்கில் வந்த அவருடைய 'யோஷிவாராவின் பன்னிரண்டு வேளைகள்' எதைக் காட்டுகிறது? யோஷிவாரா எதோ நகரத்தில் அரசு அனுமதியோடு மதிலும் அகழியும் சூழ நடந்த பரத்தையர் பேட்டை. அங்கிருந்த பெண்களில் பலர் ஏழை வீடுகளிலிருந்து ஏழெட்டு வயதிலேயே முன்பணத்துக்கு விற்கப்பட்டவர்கள். அந்த வரிசையைப் பதிப்பித்த த்சுதாயா யோஷிவாராவிலேயே பிறந்தவர்; அந்தப் பேட்டைக்கு வழிகாட்டிப் புத்தகம் விற்றுத் தொழிலில் வளர்ந்தவர். இந்த வகைப் படங்களில் பல விளம்பரமும்தான். பெண்ணின் பெயரையும் அவள் இருக்கும் வீட்டின் பெயரையும் போட்டே அச்சிடுவார்கள். அவர்கள் இறந்தால் ஆளில்லாத உடல்கள் ஜோகன்ஜி கோயிலில் கொண்டுபோய்ப் போடப்பட்டன. அந்தக் கோயிலுக்கு 'வீசிப்போடும் கோயில்' என்றே பேர் விழுந்தது. படுக்கையறைக்கு அமைதியான நிறம் என்று சொல்லி விற்கப்படும் படத்தின் பின்கதை இது.

அதே உதாமாரோ அடுக்களையையும் வரைந்திருக்கிறார். இரண்டு தாள் சேர்ந்த படம். ஒருத்தி காய் நறுக்குகிறாள், முதுகில் குழந்தை தொங்குகிறது. இன்னொருத்தி ஊதுகுழல் வைத்து அடுப்பை ஊதுகிறாள். மற்றொருத்தி புகையோ ஆவியோ பட்டு முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொள்கிறாள். அவருடைய அழகிகளில் முகம் சுளித்தவளைக் காண்பது அபூர்வம். நான் பார்த்த வீடுகள் எதிலும் இந்தப் படம் மாட்டப்படவில்லை. அடுக்களைச் சுவருக்குக்கூட யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மாட்டினால் பார்க்கிறவருக்கு யாராவது ஊதுகிறாள், யாருக்காவது கண் எரிகிறது என்று நினைவு வந்துவிடும்.

எனக்கு ஒரே ஒரு படம் மாட்ட இடம் இருந்தால் ஹொக்குசாயின் மகளுடையதை மாட்டுவேன். கட்சுஷிகா ஓயி. இயற்பெயர் எய். 'ஓயி' என்று தகப்பன் கூப்பிட்டுக் கூப்பிட்டே அந்தப் பெயர் நிலைத்தது என்று ஒரு கதை உண்டு. நம் 'ஓய்' போன்ற விளிதான் அது. கூப்பிட்ட குரலே கையெழுத்தாகிவிட்டது. ஓர் ஓவியனுக்கு வாழ்க்கைப்பட்டாள். கணவனின் படங்களைப் பார்த்துச் சிரித்ததால் மணவிலக்கு ஆனது என்பார்கள். தகப்பன் வீட்டுக்குத் திரும்பி அவர் சாகும்வரை கூட இருந்து வரைந்தாள். அழகிகளை வரைவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி என்று ஹொக்குசாயே சொன்னதாகச் செய்தி. இன்று அவள் பெயரில் உறுதியாகச் சொல்லக்கூடிய படைப்புகள் பத்து அளவில்தான். தகப்பன் பெயரில் இருப்பவற்றில் எத்தனை அவள் கை என்பது ஆய்வாளர்களுக்குத் தீராத கேள்வி. உலகத்தின் எத்தனையோ பட்டறைகளில் மகள்களின் கதை இதுதான்.

'யோஷிவாராவின் இரவு' என்று அறியப்படும் அவளுடைய படம் டோக்கியோவின் ஓட்டா நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அச்சு அல்ல, கையால் தீட்டியது. நகல்தான் நமக்குக் கிடைக்கும். மரக்கிராதிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே தெருவின் இருட்டில் பார்க்க வந்தவர்கள் நிழலாக நிற்கிறார்கள். நாமும் அந்தத் தெருவில்தான் நிற்கிறோம். உதாமாரோவிடம் பெண் முகம் முழுத்தாளையும் நிறைக்கும். ஓயி கிராதியின் சட்டங்களாலும் நிழலாலும் பல முகங்களை மறைத்துவிடுகிறாள். விலைக்கு வைக்கப்பட்டதைக் காட்டுகிறாள், ஆனால் சரக்கைப் பரப்பவில்லை. தன் பெயரின் எழுத்துகளைத் தெருவில் எரியும் கைவிளக்குகளில் ஒளித்து வைத்திருக்கிறாள். அழகிகளை வரைந்த எத்தனையோ ஆண்களுக்குத் தோன்றாத ஓர் இடத்திலிருந்து, அதாவது அந்த வரிசையில் தானும் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற இடத்திலிருந்து, அவள் பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாட்டுவதென்றால் சில நடைமுறைகள். பழைய அச்சுகளை அருங்காட்சியகங்கள் மங்கிய வெளிச்சத்தில் சில வாரங்களுக்கு மேல் வைப்பதில்லை. குசும்பாப் பூவிலிருந்து எடுத்த சிவப்பு முதலில் போய்விடும். மலிவான நகல்களிலும் அதே கதை: சிவப்பும் மஞ்சளும் வெளுத்துக் கடைசியில் எல்லா அழகியும் நீலமாகிவிடுவாள். மரக்காணத்தில் உப்புக்காற்று ஆணியைத் துரு ஏற்றும், மழைக்காலத்தில் தாளில் புள்ளி விழும். எனவே பின்னால் காற்றுப் போக இடைவெளி விட்டு, முன்னால் கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும். ஓயியின் படத்துக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. படம் முழுக்க இருட்டு. உப்பளத்தைப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் பகலெல்லாம் அந்தக் கண்ணாடியில் வெளியே சுமை தூக்கிப் போகிறவர்கள்தான் தெரிவார்கள். விளக்கேற்றிய பிறகுதான் படம் தெரியும்.